மயிலாடி: மிஷனரியை அழைத்து வந்த கிராமம்

நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் தாண்டி அஞ்சுகிராமம் போகிற சாலையில் மயிலாடி இருக்கிறது. கல்லுளிச் சத்தத்துக்குப் பேர்போன ஊர். இங்கே செதுக்கிய சாமி சிலைகள் எங்கெங்கோ போகின்றன. அதே ஊரின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம் இரண்டு பேரின் பெயரைச் சேர்த்துத் தாங்கி நிற்கிறது: ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம். ஒருவர் பிரஷ்யாவிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பாதிரியார். மற்றவர் இந்த மண்ணில் பிறந்தவர், ஒடுக்கப்பட்ட சாம்பவர் ஜாதிக்காரர்.

தென் திருவிதாங்கூர் மிஷன் கதையை 1806 ஏப்ரல் 25இல் தொடங்குவதுதான் வழக்கம். ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து உள்ளே வந்த நாள் அது. நூற்றாண்டு விழா, இருநூறாவது ஆண்டு விழா எல்லாம் அந்தத் தேதியிலிருந்து கணக்கிட்டவைதான். நான் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னால் போய்த் தொடங்குகிறேன். ஏழைக் கிராமங்களுக்கு நற்செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கிறவர்கள், அந்தக் கிராமங்கள் ஏற்கெனவே யாரைத் தேடிப் புறப்பட்டிருந்தன என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். மயிலாடியில் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு.

அன்றைய மயிலாடி திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தென்கோடி. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை வந்து முடிகிறது, மறுபக்கம் கடல். கணவாய்க்கு அப்பால் திருநெல்வேலிச் சீமை, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஆட்சி. இந்தப் பக்கத்துச் சாம்பவர்களும் புலையர்களும் நிலத்தோடு விற்கப்பட்ட அடிமைகளாக இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அடிமை அல்லாத நாடார்களுக்கும் நிலைமை பெரிதாக மேல் இல்லை. தலைவரி உண்டு. கூலியில்லாத ஊழியம் உண்டு: சர்க்காருக்கு ஓலை, விறகு சுமக்க வேண்டும், அழைத்த நேரத்துக்குப் போக வேண்டும். பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. செருப்பு, குடை, இடுப்பில் குடம் எல்லாவற்றுக்கும் தடை. ‘ஒதுங்கிய கிராமம்’ என்றால் சாலை இல்லாத ஊர் என்று இன்று நினைக்கிறோம். அன்றைக்குப் பக்கத்திலேயே சாலை போனது. அதில் நடக்கத்தான் இவர்களுக்கு உரிமை இல்லை.

அந்த ஊரில் மகாராசன் என்றொருவர். 1799 வாக்கில் அவர் சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டார். மயிலாடியிலிருந்து சிதம்பரம் கால்நடையாகப் பல நாள் பயணம். பொழுதுபோக்காக யாரும் போகிற தூரம் அல்ல. சாமியைப் பார்த்துவிட வேண்டும் என்ற உண்மையான தாகம் இருந்திருக்க வேண்டும். போன இடத்தில் அந்தத் தாகம் தீரவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே ஒரு நாள் ஆராதனைக்குப் போய், ஜான் காஸ்பர் கோல்ஹாஃப் என்ற மிஷனரி தமிழில் செய்த பிரசங்கத்தைக் கேட்டார். அவரிடமே கற்று ஞானஸ்நானம் பெற்றார். புதுப் பெயர் வேதமாணிக்கம். கையில் சில தமிழ்ப் புத்தகங்களோடு ஊர் திரும்பினார்.

இந்த ஆய்வில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இங்கேதான். தஞ்சாவூரிலிருந்து திரும்பிய அந்த மனிதனுக்குப் பின்னால் எந்தச் சங்கமும் இல்லை, சம்பளம் இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. சொந்தக்காரர்களைக் கூட்டினார், கொண்டுவந்த புத்தகங்களிலிருந்து வாசித்தார், கேட்டதைச் சொன்னார். ஒரு குடும்பம் இரண்டாகி, சிறு கூட்டம் ஒன்று சேர்ந்தது. எதிர்ப்பும் கூடவே சேர்ந்தது. அடிமைகள் தனியாகக் கூடி எதையோ வாசிக்கிறார்கள் என்றால் நிலக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்த நெருக்கடியில்தான் வேதமாணிக்கம் மறுபடியும் கிழக்கே போய், எங்களுக்கு ஒரு போதகரைத் தாருங்கள் என்று கேட்டார். மிஷன் திட்டம் எதிலும் இடம்பெறாத ஓர் ஊர், தன் ஆளை அனுப்பி மிஷனைக் கேட்டு வாங்கியது.

அந்த அழைப்பு போய்ச் சேர்ந்த இடம் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே. 1770இல் சைலீசியாவில் பிறந்தவர், ஹாலேயில் படித்தவர். 1797இல் ஒரு முறை கல்கத்தாவுக்கு வந்து, மனம் ஒடிந்து இரண்டே ஆண்டில் திரும்பிப் போனவர். இரண்டாம் முறை லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பி, 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். தோற்றுத் திரும்பிய ஒருவரிடம்தான் இந்த அழைப்பு வந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கே போவது என்று அவருக்கே தெரியாதிருந்த நேரத்தில், எங்கே வரவேண்டும் என்று மயிலாடிக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே வந்ததும் அனுமதி கிடைக்கவில்லை. ராஜ்யத்தில் கும்பனியின் பிரதிநிதியாக இருந்த ஆங்கிலேய ரெசிடென்ட் கர்னல் மெக்காலே மூலமாகத்தான் ஆலயம் கட்ட வழி பிறந்தது. திவானாக இருந்த வேலுத்தம்பி தளவாயின் கலகம் 1809இல் ஒடுங்கிய பிறகு, அந்த ஆண்டே மயிலாடியில் ஆலயம் எழும்பியது. தாமரைக்குளம், பிச்சைக்குடியிருப்பு, ஈத்தாமொழி என்று சுற்றுக் கிராமங்களிலும் சிறு சபைகள் உண்டாயின. சபைக்குப் பக்கத்தில் பள்ளி, பள்ளிக்கு ஓர் உபதேசியார் (உள்ளூர்ச் சமய ஆசிரியர்) என்ற அமைப்பு அப்போதே தொடங்கிவிட்டது.

ரிங்கல்தௌபே விசித்திரமான மனிதர். வந்த சம்பளத்தில் பெரும்பகுதியை மற்றவர்களுக்கே கொடுத்துவிடுவார். உடுப்பில் கவனமே இல்லை. தன் மக்களைப் பற்றி அவர் எழுதியதுதான் இன்றும் வாசிக்கிறவர்களைத் தைக்கிறது. சுமார் 600 கிறிஸ்தவர்கள் சேர்ந்திருந்த சமயத்தில், இவர்கள் இந்தியாவின் மற்றக் கிறிஸ்தவர்களைவிட மோசமில்லை, ஆனால் உண்மையில் தேறுவார்கள் என்று நம்பத்தக்கவர்கள் மூன்று நான்கு பேர்தான் என்ற கருத்தில் எழுதினார். தலைவரியிலிருந்தும் கூலியில்லாத ஊழியத்திலிருந்தும் தப்பவும், கச்சேரியில் வழக்கு வந்தால் வெள்ளைக்காரர் துணை கிடைக்கவும்தான் பலர் வருகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தை மறைக்காமல் மேலிடத்துக்கு எழுதிய நேர்மையை மதிக்கிறேன். கணக்குக் காட்டிப் பாராட்டு வாங்க நினைக்கிறவர் அப்படி எழுதமாட்டார்.

ஆனால் அவருடைய முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. விசுவாசம் ஒரு பக்கம், வயிறும் மானமும் மறுபக்கம் என்று பிரித்துப் பார்க்கிற வசதி அடிமைக்கு ஏது? எகிப்தில் செங்கல் அறுத்த ஜனங்கள் கூப்பிட்டதும் முதுகு வலித்துத்தான். சவுக்கடி நிற்க வேண்டும் என்று கடவுளைத் தேடுகிறவனின் தேட்டத்தைப் போலி என்று யார் சொல்ல முடியும்? அரிசிக்காக மதம் மாறியவன் என்ற பொருளில் ‘அரிசிக் கிறிஸ்தவன்’ என்ற ஏச்சு இன்றும் காதில் விழுகிறது. சிதம்பரம் வரை நடந்துபோன மகாராசனை நினைத்துப் பார்த்தால் அந்த ஏச்சு வாயில் வராது.

1816இல் உடல் நலம் கெட்டு ரிங்கல்தௌபே புறப்பட்டார். போகுமுன் மயிலாடி ஆலயத்தில் சபையைக் கூட்டி, வேதமாணிக்கத்தின் கையில் பொறுப்பை ஒப்படைத்தார். சென்னையில் அவரைப் பார்த்தவர்கள், கடற்பயணம் போகிற மனிதருக்கு மேலே போட ஒரு கோட்டுக்கூட இல்லையே என்று வருந்தினார்கள். கொழும்பு, மலாக்கா வரை தகவல் உண்டு. அதன்பின் கடலில் என்ன ஆனார் என்று தெரியாமலே போயிற்று.

அடுத்த மிஷனரி வர 1818 ஆயிற்று. இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வெள்ளைக்காரர் யாருமில்லாமல், சபைகள், உபதேசிமார், பள்ளிகள் எல்லாவற்றையும் வேதமாணிக்கம்தான் பார்த்துக்கொண்டார். கலைந்துபோக எல்லாக் காரணமும் இருந்தது. கலையவில்லை. ஓர் ஊழியம் ஊருக்குச் சொந்தமாகிவிட்டதா, வந்தவர்கள் தலையில் நிற்கிறதா என்று அறிய இதைவிட நல்ல சோதனை இல்லை. இன்று தொலைதூரக் கிராமங்களுக்கு வேனில் போய், இரண்டு நாள் கூட்டம் நடத்தி, படம் எடுத்துத் திரும்புகிறவர்களை நான் அறிவேன். அவர்கள் மனதில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் ஒரு வேதமாணிக்கம் இருக்கிறாரா என்று விசாரிக்கிறவர்கள் குறைவு.

1818இல் வந்தவர் சார்லஸ் மீட். அவர் காலத்தில் எல்லாம் வேகமெடுத்தது. ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் செல்வாக்கால் ராணி கௌரி பார்வதி பாயி நாகர்கோவிலில் பங்களாவும், நெல்வயல் வாங்க 5,000 ரூபாயும் கொடுத்தார். மிஷனின் மையம் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாறியது. 1819இல் செமினரி, இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அது. அதே ஆண்டில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி, அடுத்து அச்சகம். மீட்டை நாகர்கோவிலில் நீதிபதியாகவும் அரசு நியமித்தது. ஓராண்டளவில், மிஷனரிக்கு இந்த வேலை தகாது என்று சங்கம் சொல்ல, அவர் விட்டுவிட்டார். மீட் வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 பேர் சபையில் சேர்ந்தார்கள், பெரும்பாலும் நாடார்கள்.

இதை வளர்ச்சி என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பாதிரியாரே நீதிபதி என்றால் அடிபட்டவனுக்கு அது பெரிய நிழல்தான். எதிரில் நிற்கிறவன் கண்ணுக்கோ சிலுவையும் சர்க்கார் முத்திரையும் ஒன்றாகத் தெரிந்தன. பின்னால் வந்த கலவரங்களில் ஆலயங்கள் எரிந்ததற்கு ஜாதி வெறி முதல் காரணம். ஆனால் வெள்ளைக்கார அதிகாரத்தோடு ஒட்டிக்கொண்ட அந்தத் தொடக்கமும் ஒரு விறகை எடுத்துப் போட்டது.

அதே காலத்தில் சத்தமில்லாமல் நடந்த வேலை ஒன்று உண்டு. சார்லஸ் மால்ட் என்ற மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட், 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவில் விடுதிப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். மடியில் உருண்டைத் தலையணை. அதன்மேல் துளை குத்திய காகிதத்தில் பூ வடிவம். நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். ஒரு ஜோடியை மாற்றி, முறுக்கி, துளையில் குண்டூசி குத்தி இறுக்க வேண்டும். பிறகு அடுத்த ஜோடி. கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ‘கடகட’ சத்தம்தான் அந்த அறையின் சத்தம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சிறிதளவு லேஸ்தான் வளரும். அது விலைபோனது. பள்ளியில் இருந்த பெண்பிள்ளைகளில் சிலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்க அவர்களுக்கு வழி கிடைத்தது. அடிமை ஒழிப்புச் சட்டம் வர இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஒரு சிறுமி தன் பத்து விரலால் தனக்கே விலை கட்டினாள். 3,000 பேர் சேர்ந்த கணக்கைவிட எனக்கு இது பெரியது.

தோள்சீலைப் போராட்டம் எல்லோரும் அறிந்தது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். மன்றோ காலத்திலேயே கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற ரவிக்கை போன்ற சட்டை அணியலாம் என்று உத்தரவு வந்தது. பெண்கள் அதோடு நிற்கவில்லை. உயர்ஜாதியினர் போடுவதுபோல் தோளில் மேல்சீலையும் போட்டார்கள். 1822இலும் 1827 தொடங்கியும் கடைவீதியில் சீலை கிழிக்கப்பட்டது, ஆலயங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. 1829 அரசாணை குப்பாயத்தோடு நிறுத்தி, மேல்சீலையை மறுத்தது. 1858 கடைசியில் மீண்டும் கலவரம். சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவலியன் நெருக்க, 1859 ஜூலை 26 அன்று வந்த அறிக்கை எல்லா மத நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாம் என்றது. அதிலும் உயர்ஜாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் மட்டும் கூடாது என்று ஒரு கொக்கி வைத்தது.

மிஷனரிகள் இந்த வழக்கில் துணை நின்றார்கள். மனு எழுதினார்கள், அதிகாரிகளைப் பார்த்தார்கள். அந்த உதவி மறக்கக்கூடியது அல்ல. ஆனால் அரசு குப்பாயத்தோடு திருப்திப்பட்டுக்கொள் என்றபோது, மேல்சீலையைக் கேட்டு அடிவாங்கியவர்கள் சந்தைக்குப் போன பெண்கள். உடம்பு மறைவது மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. சமமாக நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். இந்த இடத்திலும் கிராமம்தான் முன்னால் நடந்தது.

இதே மண்ணில் தாமரைக்குளத்தை ஒட்டிய சாமித்தோப்பில், 1833 முதல் அய்யா வைகுண்டர் அதே மக்களிடம் வேறொரு வழியில் பேசினார். குனிந்த தலையில் தலைப்பாகை கட்டச் சொன்னார், ஒரே கிணற்றில் நீர் எடுக்கச் சொன்னார், ஒன்றாக உண்ணச் சொன்னார். மிஷன் அறிக்கைகள் அவரைத் தங்கள் வேலைக்கு இடைஞ்சல் என்று குறித்தன. இன்று திரும்பிப் பார்த்தால், ஒரே தாகம் கொண்ட மக்கள் இரண்டு ஊற்றுகளைத் தேடிப் போயிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மிஷனரி வராவிட்டால் இவர்கள் விழித்திருக்கமாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்குச் சாமித்தோப்பு பதில் சொல்லும்.

மருத்துவப் பணி தனியாக எழுதவேண்டிய கதை. 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் தொடங்கியது, 1860களில் டாக்டர் ஜான் லோ உள்ளூர் வாலிபர்களுக்கே வைத்தியம் கற்றுக்கொடுத்தபோதுதான் கிராமங்களுக்குள் பரவியது. 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல், ஊர் திரும்புமுன் நெய்யூரை எட்டிப் பார்த்தார். அங்கே காத்திருந்த நோயாளிகளைக் கண்டவர், லண்டன் வேலையை விட்டு இங்கேயே வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ‘நெய்யூர் ஆஸ்பத்திரி’ என்றாலே முதியவர்கள் குரல் மாறும்.

இவற்றையெல்லாம் தாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் லண்டனைக் காட்டுவார்கள். பாதி பதில் அது. மீதி அடுக்களையில் இருக்கிறது. உலையில் போட அரிசி அளக்கும்போது பெண்கள் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவார்கள். அது பிடியரிசி. வாரக் கடைசியில் ஆலயத்துக்குப் போகும். கஞ்சிக்கே அரிசி குறைந்த வீட்டிலும் அந்தப் பிடி குறையாது. உபதேசியார் வீட்டு அடுப்பு பல ஊர்களில் அந்த அரிசியில்தான் எரிந்தது. பெற்றுக்கொள்கிறவர்கள் என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் நினைத்த பெண்கள், கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இனி மனம் வலிக்கிற பகுதி. சபை தொடங்கியது ஒரு சாம்பவர் வீட்டில். பின்னால் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தவர்கள் நாடார்கள். மையம் நாகர்கோவிலுக்குப் போனது. 1827இல் வேதமாணிக்கம் கண்ணை மூடினார். எண்ணிக்கையும் கல்வியும் நிலமும் ஒரு பக்கமாகக் கூடக் கூட, முதலில் கதவைத் திறந்தவர்களின் பிள்ளைகள் பின்வரிசைக்குப் போனார்கள். மேல்ஜாதிக்காரன் நம்மைத் தள்ளி நிறுத்தினான் என்று அழுத ஜனம், ஆலயத்துக்குள் இன்னொருவரைத் தள்ளி உட்காரச் சொன்னது. பெண் கொடுத்து எடுப்பதில் அந்தக் கோடு இன்றும் அழியவில்லை. அசனம் என்கிற சபை விருந்து நாளில் பெரிய அண்டாவில் சோறு வடித்து எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிறோம். இலை எடுத்த பிறகு அவரவர் தெரு அவரவருக்கு. இதை வெளியாள் சொன்னால் கோபம் வரும். உள்ளே இருந்து நாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக்காரர்கள் இதில் சுத்தமாக இருந்தார்களா? ஜாதியை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானங்கள் போட்டார்கள். அந்தத் தீர்மானங்களுக்குச் சோதனை சார்லஸ் மீட்டின் வீட்டிலிருந்தே வந்தது. இரண்டாம் மனைவி ஜோஹன்னா 1848இல் இறந்தார். சில ஆண்டுகள் கழித்து மீட், தேவவரம் முன்ஷியின் மகள் லோயிஸை மணந்தார். லோயிஸ் சாம்பவர் வழிவந்த தமிழ்ப் பெண். ஒரே பந்தியில் உண்ணவேண்டும் என்று போதித்த சக மிஷனரிகளுக்கு இந்தக் கல்யாணம் பொறுக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, நாகர்கோவிலையும் நெய்யூரையும் உருவாக்கிய மனிதர் லண்டன் மிஷனரி சங்கத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று.

மீட் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறவில்லை. திருவிதாங்கூர் அரசு அவரைப் பள்ளிகளின் மேற்பார்வையாளராக வைத்துக்கொண்டது. 1873இல் திருவனந்தபுரத்தில் காலமாகும் வரை, மயிலாடி வேதமாணிக்கத்தின் ஜனத்துக்கு மருமகனாகவே இந்த நாட்டில் வாழ்ந்தார்.